பவளக் கல்லில் ஊற்றிய வெந்நீர்

சுத்தம் பார்த்தது என் தப்பா? இன்றுவரை தெரியவில்லை.

தல்லாகுளத்திலிருந்து காளவாசலுக்கு வீடு மாறும்போது, கணவர் எங்கள் கடல்மீன்களை நண்பர் வீட்டில் விடப் போயிருந்தார். மீன்தொட்டியிலிருந்த, உயிர்ப்பவளம் ஒட்டிய கற்கள் வாளியில் கிடந்தன. பால் காய்ச்சும் வீட்டுக்குக் கவிச்சியோடு போகக்கூடாதே என்று வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். ஆவி கிளம்பியது. பக்கத்தில் நின்ற மகளுக்கு இருமல் நிற்கவில்லை. எனக்கும் நெஞ்சு அடைத்தது. கணவருக்குப் போன் செய்தேன்.

“சுடுதண்ணியா ஊத்துன? அந்தப் பவளத்துல விஷம் இருக்கு, சூடு பட்டா ஆவியோட கிளம்பும். பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு.”

ஆட்டோவில் அவள் மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி போனேன். பிழைத்துவிட்டாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றேன் கணவரிடம்.

“நீ கல்லப் போயிக் கழுவுவன்னு யாரு கண்டா?”

“என் மீனு எப்பம்மா வரும்?” என்று மகள் தினமும் கேட்கிறாள். அந்தத் தொட்டியை மறுபடி வைக்கலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்.