புழுதி விதைப்பும் சனி வளையமும்

கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் வெள்ளிக்கிழமைதோறும் டெலஸ்கோப் வைப்போம். வாரம் ஒரு மாணவர் பொறுப்பு. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதும், எல்லாரும் பார்த்து முடித்ததும் பேச்சை நடத்துவதும் அவர் வேலை. புத்தகத்தில் படித்ததைச் சொல்லக்கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். பேராசிரியர் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பேச்சை நான் கேட்டதே கிடையாது. புதூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், முதல் ஆளாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். வியாழனின் நிலாக்களை முதன்முதலில் பார்த்த அன்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாமலே வைத்திருந்தால் பார்த்தோமா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு அப்படித்தான் ஆகும்.

ஐப்பசியில் என் முறை வந்தது. சனி என்று முடிவு செய்தேன்.

"சனி நம்மளப் பாக்குதது போதாதாட்டி, நீ வேற தேடிப் போய்ப் பாக்கணுமா?" என்றாள் அம்மா.

"ஒரு நாளைக்குத்தான. நான் பைக்ல வந்து கூட்டிட்டு வாரேன்" என்றார் அப்பா.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் கரிசலில் மழை வரும் என்று நம்பி, ஈரமில்லாத மண்ணிலேயே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். அப்பா உளுந்தும் சோளமும் போட்டு வெகுநாளாகியிருந்தது. விதை மண்ணுக்குள் கிடந்தது, மழையைக் காணோம். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான் பார்த்தேன். வீட்டுக்கு மேகம் வேண்டும், எனக்கு ஒரே ஒரு சாயங்காலம் மேகம் வேண்டாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் விளக்குமாறு வரும். கல்லூரித் தோழிகளுக்கு மழை என்றால் லீவு, அவ்வளவுதான். எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை முட்டியது. பிறகு காற்று எழும்பி, ஒரு தூறல்கூடப் போடாமல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. இருட்டும்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படங்களில் இருப்பதுபோல சனியின் வளையம் அகலமாக இல்லை. குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு. ஒருத்தி அந்தக் கோடே தெரியவில்லை என்றாள். இன்னொருவன் ஃபோகஸ் சரியில்லை என்று சண்டைக்கு வந்தான். நான் கையிலிருந்த வளையலைக் கழற்றி, விளிம்பு மட்டும் தெரியும்படி அவர்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். இப்போது வளையம் இந்த வாக்கில்தான் நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்றேன். எல்லாரும் மறுபடி வரிசையில் நின்று பார்த்தார்கள். "ஆமா, கோடுதான்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

அப்பா வந்து கீழே நின்றுகொண்டிருந்தார். தோழி ஒருத்தி போய் அவரை மாடிக்குக் கூட்டிவந்து பார்க்க வைத்தாள். குனிந்து நிதானமாகப் பார்த்தார். நிமிர்ந்தவர் கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

"நல்ல வேளைப்பா, மழை வரல. வந்திருந்தா இவ இத்தன நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிருக்கும்" என்றாள் தோழி.

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா, நல்ல வேளை" என்றார்.

எட்டயபுரம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் விதைத்துப் போட்ட புஞ்சைக் காடு. அப்பா பைக்கை மெதுவாக ஓட்டினார்.

"நல்லாப் பேசுனியாட்டி?" என்று திரும்பாமல் கேட்டார்.

"ம்" என்றேன்.

அதுபோல ஒரு நல்ல சாயங்காலம் எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. அதை அவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.