களிம்பு ஏறிய போர்டு

இரண்டு வருஷத்துக்கு முன், நான் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. விராலிமலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ரோபோ போட்டி. தரையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கோட்டை விட்டு விலகாமல், வளைவுகளிலும் திரும்பி, ரோபோ தானாகவே கடைசிவரை ஓட வேண்டும்.

எங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து பெண்கள் அணி போவது அதுதான் முதல் முறை. அணி என்றால் நானும் என் தோழியும்தான். அதற்கே துறைத் தலைவரிடம் நடையாய் நடந்தோம். "முதல் ரவுண்டையாவது தாண்டிட்டு வாங்க. அடுத்த வருஷமும் பொண்ணுங்கள அனுப்புறேன். இல்லன்னா இதோட சரி" என்று சொல்லிவிட்டார். ஜூனியர் பிள்ளைகள் எங்களைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ரோபோவுக்கான சர்க்யூட் போர்டை எங்கள் வீட்டிலேயே செய்தோம். படத்தை வழுவழுப்பான தாளில் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகடு ஒட்டிய அட்டையின் மேல் கவிழ்த்து, அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்த்தால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை ஒரு கரைசலில் போட்டால், மை இல்லாத இடத்துச் செம்பையெல்லாம் கரைசல் தின்றுவிடும். மைக்கு அடியில் இருப்பது மட்டும் கம்பி மாதிரி கோடு கோடாக நிற்கும். இந்தத் தேய்க்கிற விஷயம் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்துபோனது. எங்களைக் கண்டாலே "இஸ்திரி கம்பெனி வருதுடோய்!" என்று கத்துவான்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜெயித்துவிட்டு வந்து பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போர்டு அம்சமாக வந்தது. ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். வீட்டு போர்வெல் தண்ணீரில் அலசி, துடைத்து, ரோபோவில் மாட்டி, அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. குடத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். பிறந்ததிலிருந்து அதில் குளிக்கிற எனக்கு, அது செம்பை என்ன செய்யும் என்று தோன்றவே இல்லை.

போட்டியன்று அரங்கில் ரோபோவைத் தரையில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். ஒரு சக்கரம் சுற்றவில்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தால் கோடுகள் மேல் பச்சைப் பச்சையாகக் களிம்பு. ஒரு கோடு அரித்து அறுந்தே போயிருந்தது. தோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மைக்கில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். உடனே போகாவிட்டால் நீக்கிவிடுவார்கள்.

எங்களுக்கு அடுத்த எண் இலுப்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் அணி. அரங்கு வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி தன் ரோபோவின் சென்சாரைத் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தாள். எங்களை ஒருமுறை பார்த்தாள். கையிலிருந்த திருப்புளியை அப்படியே பைக்குள் போட்டாள்.

"அழாதீங்க. ஒயர் வச்சு ஒட்டுங்க. நாங்க முன்னாடி போயிட்டு வாரோம்" என்றாள். நடுவரிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர்களுடைய ரோபோ முதல் வளைவிலேயே கோட்டை விட்டு விலகி ஓடியது. இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதே வளைவில் அதே கதி. சரிசெய்து முடிக்க விட்டிருந்தால் ஓடியிருக்கும், எனக்குத் தெரியும்.

அதற்குள் நாங்கள் களிம்பைச் சுரண்டி, ஒயர் வைத்து ஒட்டியிருந்தோம். எங்கள் ரோபோ கிளம்பியது. ஒவ்வொரு வளைவும் கச்சிதம். எங்களுக்கு வழிவிட்ட இவர்களுக்காகவாவது ஓடு சாமி என்று வேண்டிக்கொண்டே நின்றேன். கடைசி வளைவில் சடாரென்று நின்றுவிட்டது. நாங்கள் பார்க்காமல் விட்ட வேறு ஏதோ ஒரு கோடு அறுந்திருக்க வேண்டும். இன்னொரு வாய்ப்பு இருந்தும் அதைத் தேடி ஒட்ட நேரமில்லை; முதல் ரவுண்டிலேயே நாங்கள் வெளியே. அந்தப் பெண்தான் போய் ரோபோவைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லாத்தாங்க ஓடுச்சு" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவி, சிரித்தாள். பேர்கூடக் கேட்காமல் ரோபோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் பெண்கள் அணியை அனுப்பவில்லை. அந்த ஜூனியர் பிள்ளைகளை எங்கேயாவது கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். எங்கள் தோல்வியை எப்படியோ விழுங்கிவிட்டேன்; எங்களுக்காக அவள் தோற்றதுதான் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.