வெள்ளையாக ஒரு மாடி

சரக்கு அனுப்பும் அந்தக் கம்பெனியில் அவரைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு என்ன வேலை, எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது என்று கம்பெனி முழுவதையும் ஒரே வரைபடமாகக் கட்டி வைத்திருந்தார். கேட்பவரின் கவலைக்கு ஏற்ப அதிலிருந்து ஆளுக்கொரு படம் எடுத்துக் கொடுப்பார்.

“பிளம்பருக்குக் குழாய் தெரிஞ்சாப் போதும். வீட்டுல யாரு யாரோட பேசலைன்னு அவருக்கு எதுக்கு?” என்பார்.

அவர் கணவரோ, “என் பொண்டாட்டி ஆபீஸ்ல நல்லாப் படம் காட்டுறா” என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி, சரக்கு போகும் பாதை மட்டும் போதும் என்று ஒரு படம் கேட்டார். மூன்றாம் மாடியில் கணக்குப் பிரிவு. சரக்கு அங்கே போவதில்லை. ஆகவே படத்தில் அந்த மாடி வெள்ளையாக இருந்தது. முழங்கால் வலியால் மாடி ஏறாத முதலாளி, “சும்மாதானே கிடக்கு” என்று அதை ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

சாய்வு நாற்காலியோடு வந்த டாக்டர், மேசைகளுக்கு நடுவே திகைத்து நின்றார். படக்காரம்மா பதறிக் கீழே ஓடினார்.

“சார், அங்க பதினோரு பேர் இருக்காங்க!”

“படத்துல இல்லையேம்மா.”

“அது உங்க கவலைக்காகப் போட்ட படம் சார்.”

“அப்ப அவங்க என் கவலையே இல்லையே!”

வேறு வழியில்லாமல் முழு வரைபடத்தையும் சுவரில் விரித்துக் காட்டினார். முதலாளிக்குத் தலை சுற்றியது.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

தேடினார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டமாக இருந்தார். முதலாளி முகம் சுண்டிப்போய், “சுருட்டி வைம்மா. டாக்டருக்கும் ஒரு படம் போட்டுக் குடு” என்றார்.

போட்டார். டாக்டருக்கு வேண்டியது தண்ணீர்க் குழாய், மின்சாரம், காத்திருப்போர். எனவே கணக்குப் பிரிவு முழுவதும் காத்திருப்போர் ஆனது. அவர்கள் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். டாக்டர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். தலைமைக் கணக்கர் கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்துவிட்டு, “ரொம்ப நாள் வலி, போயே போச்சு” என்று கண் கலங்கினார்.

நிலைமையைப் பார்க்க மாடி ஏறிய படக்காரம்மாவையும் டாக்டர் கூப்பிட்டார்.

“நான் காத்திருக்கல டாக்டர். படம் போட்டதே நான்தான்.”

டாக்டர் படத்தைக் கவனமாகப் பார்த்தார். “படம் போடறவங்கன்னு இதுல யாரும் இல்லையே. வாயத் தொறங்க.”

சொத்தைப் பல் இரண்டு இருந்தது.