வங்கி வாசல் துப்பாக்கி

அந்தக் கடிதத்தை அடித்தது நான்தான். மேலாளர் சொன்னார், நான் அடித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் அப்போது நான் எழுத்தர். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்து, தலைமை அலுவலகத்தோடு இணைத்த புதிது. அதுவரைக்கும் யாருக்குக் கணக்கு கொடுக்கலாம் என்பதை மேலாளர் ஆள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். அப்புறம் சுற்றறிக்கையைப் பார்த்து முடிவு செய்தார். இன்னின்ன தொழில்காரர்களுக்கு நடப்புக் கணக்கு கூடாது, டிராஃப்ட் கூடாது என்று ஒரு பட்டியல் வந்தது. லாட்டரிக்குக் கீழே ஆயுதமும் தோட்டாவும் இருந்தது.

எங்கள் கிளையில் அந்தத் தொழிலில் இருந்தவர் ஒரே ஒருவர். பஜாருக்குப் பின்தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. துப்பாக்கிக் கடை என்றதும் ஏதேதோ கற்பனை செய்யவேண்டாம். ஒரு மர பீரோ, ஒரு இரும்புப் பெட்டி, சுவரில் சர்க்கார் லைசென்ஸ், அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாம் கரிசக்காட்டுச் சம்சாரிகள். மலைப்பக்கத்துப் புஞ்சைகளில் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கடலைக்கொடி மொத்தத்தையும் உழுதுபோட்டுப் போய்விடும். அதை விரட்ட லைசென்ஸோடு ஒரு ஒற்றைக்குழல் வைத்திருப்பார்கள். வருஷத்துக்குப் பத்துத் தோட்டா வாங்கினால் அதிகம். அதிலும் பாதி வெறும் சத்தத்துக்காக.

இன்னொரு வாடிக்கையும் அவருக்கு உண்டு. அது எங்கள் வங்கிதான். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி ஒரு மிலிட்டரிக்காரர், இடைசெவல்காரர். அவர் மடியில் கிடந்த இரட்டைக்குழல் அண்ணாச்சி கடையில் வாங்கியது. தோட்டாவும் அங்கேதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அண்ணாச்சி எண்ணெய்க் குப்பியும் நீளக் கம்பியும் கந்தல் துணியுமாக வந்து, அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் கம்ப்யூட்டருக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் வைத்த சந்தனம் குங்குமத்தை அதற்கும் வைப்போம்.

அவர் கணக்கை முடித்துவிட்டதாக நான் அடித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி நேராக என் கவுண்டருக்குத்தான் வந்தார்.

“என்ன தாயி இது? நான் யாரையும் சுட்டுட்டேனா?”

“உங்க மேல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மேல இருந்து வந்துருக்கு.”

“மேல இருந்துன்னா? லைசென்ஸ் குடுத்ததும் மேல இருக்கவிய தானே?”

அவர் கவலை கணக்கைப் பற்றி அல்ல. தோட்டா செய்வது எங்கோ வடக்கே இருக்கும் சர்க்கார் ஆலை. ரொக்கம் வாங்கமாட்டார்கள், செக் வாங்கமாட்டார்கள். டிராஃப்ட் மட்டும். மாதக் கடைசிக்குள் அது போய்ச் சேர்ந்தால்தான் அந்த வருஷத்துச் சரக்கு. சரக்கு வராமல் பதிவேடு காலியாகக் கிடந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது என்ன சொல்வது? கடையே போய்விடும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அண்ணாச்சிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துத்தான் கையை விரித்தார். ஆனால் அன்றைக்கு மத்தியானமே ஒரு தீப்பெட்டி ஆலைக்காரருக்கு, பொறி பட்டால் வெடிக்கிற குளோரேட்டும் கந்தகமும் வாங்கக் கடன் கொடுத்தோம். அந்தப் பத்திரத்தையும் நான்தான் அடித்தேன். எரிச்சலாக வந்தது. அடிக்காமல் இருந்தேனா என்றால், இல்லை.

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கானே” என்றார் வாசலில் மிலிட்டரிக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல்.

நான் ஒரு யோசனை சொன்னேன். போர்டை மாற்றி ‘விவசாயக் கருவிகள்’ என்று எழுதிப்போட்டு, வேறு வங்கியில் கணக்குத் தொடங்கலாமே என்று. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இந்தத் தொழில்ல ஒத்தப் பொய் சொல்லக் கூடாது தாயி. ஒரு தோட்டா கணக்குல இடிச்சாலே உள்ள போகணும். நான் போர்டுலயே பொய் எழுதவா?”

உண்மையைச் சொல்லியே இரண்டு வங்கிக்குப் போனார். ஒன்றில் இதே சுற்றறிக்கை இருந்தது. இன்னொன்றில், பழைய வங்கி ஏன் கணக்கை முடித்தது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது, கவுண்டரில் கூட்டம் குறையும்வரை நின்றிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“உங்க பேர்ல கணக்கு இருக்கும்லா தாயி. பணத்த நான் கையில தாரேன். ஒரே ஒரு டிராஃப்ட் எடுத்துத் தந்தாப் போதும்.”

“நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

மறுநாள் நான் லீவு போட்டேன். அதற்கு மறுநாள் அவர் படியேறும்போதே பதிவேடு அறைக்குள் போய்விட்டேன். பழைய லெட்ஜர்களின் புழுதிக்குள் நின்றுகொண்டு, அவர் போகட்டும், போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே மிலிட்டரிக்காரர், “அம்மா இன்னைக்கும் வரல அண்ணாச்சி” என்று சொல்வது கேட்டது. எனக்காக அவர் பொய் சொன்னார். டிராஃப்ட் எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும், என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது என்பது உண்மைதான். ஆனால் அதை நினைத்து ஒளிந்தேனா, பிறவிக் கோழையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாதம் முடிந்தது. டிராஃப்ட் போகவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். வழக்கம்போலத் தரையில் சாக்கை விரித்து, குழலுக்குள் கம்பியை விட்டுத் துடைத்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, “இது ரொம்பப் பழசு. நமுத்துருக்கு. மாத்தணும். எங்கிட்ட ஒண்ணும் இல்லையே” என்றார்.

மேலாளருக்குச் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். “சும்மா செய்யாதீங்க, பில் குடுங்க அண்ணாச்சி. இப்போ யாருக்கும் ரொக்கமாக் குடுக்கிறதில்ல. உங்க கணக்குல வரவு வச்சிருதோம்” என்றார்.

அண்ணாச்சி தலை நிமிர்ந்தார். “எந்தக் கணக்குல சார்?”

அவர் கோபப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவேதான் கேட்டார். கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த கோடைக்குள் கடையை மூடிவிட்டார். இருந்த துப்பாக்கிகளை மதுரையில் ஒரு கடைக்கு ஒப்படைத்துவிட்டு, புதியம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். புதுத் தோட்டா கேட்டு மிலிட்டரிக்காரர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். மதுரைக் கடைக்கும் வங்கிக் கணக்கு இல்லை, ஆகையால் பணம் அனுப்ப வழியில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. மறு ஆயுத பூஜைக்கு மிலிட்டரிக்காரரே தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். சந்தனம் வைக்கப் போன என்னிடம் குனிந்து, “இது வெடிக்காதும்மா. வெளிய சொல்லிராதீங்க” என்றார். எங்கள் பணப்பெட்டிக்கும் எங்கள் உயிருக்கும் அதுதான் காவல்.

பிறகு ஒருநாள் ஒரு கல்யாணத்துக்காகப் புதியம்புத்தூர் போயிருந்தேன். ரெடிமேடு தைக்கும் ஒரு கொட்டகை வாசலில் அண்ணாச்சி உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் சட்டையை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார். டிராஃப்டைப் பற்றிக் கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிட்டப் போனேன். நான் பதிவேடு அறையில் நின்றது அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தோன்றியது.

அவர் அதைக் கேட்கவில்லை.

“தாயி, அந்தத் தோட்டாவ மாத்துனாகளா? நீங்கள்லாம் உள்ள இருக்கீகளேன்னு நெனச்சுக்கிடுவேன்.”

“மாத்தியாச்சு அண்ணாச்சி” என்றேன்.

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து மடித்தார்.