றெஜினா அக்காவின் வெண்டி வரிசை

றெஜினா அக்கா போய்விட்டார்.

புதன்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிடும்போது வீட்டு வாசலிலேயே விழுந்திருக்கிறார். ஹார்ட் அற்றாக். அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தார்.

வாசித்துவிட்டு "ஓகே" என்று பதில் போட்டிருக்கிறேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று தெரியவில்லை...

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. மன்னார்க்காரர். கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல். சனிக்கிழமைகளில் அஜக்ஸ் நகருக்கு வடக்கே ஒரு சின்ன மரக்கறிப் பண்ணையில் என்னோடு வேலை. சீசன் தொடங்க முதலே பெயர் கொடுத்துச் சேரும் குடும்பங்களுக்குக் கிழமைக்கு ஒரு பெட்டி மரக்கறி போகும். சனிக்கிழமை போய் உதவும் எங்களுக்குச் சம்பளம் இல்லை, அதே பெட்டிதான்.

ஆறு வருடம், மோர்னிங்சைட் பஸ் ஸ்டொப்பில் இருந்து என் காரில்தான் வருவார். திரும்பும்போது சேற்று பூட்ஸை ஒரு அரிசிப் பையில் போட்டு, முடிச்சும் போட்டு டிக்கியில் வைப்பார்.

"இல்லாட்டி உம்மட மனிசி காரைப் பாத்திட்டு என்னைத்தான் பேசுவா."

பை இன்றுவரை டிக்கிக்குள்தான் கிடந்தது.

பெட்டி எடுக்க வரும் எங்கள் ஆட்கள் கேல் என்கிற தடித்த கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "உது ஆடு தின்னிறது அக்கா" என்று ஒருவர் சொன்னார். "அப்ப ஆட்டை அனுப்பும், அதிட்டக் குடுத்து விடுறன்" என்றார் இவர். பிறகு தேங்காய்ப்பூ போட்டு வறை வைக்கிற விதத்தை விளங்கப்படுத்தி, ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாகக் கொடுத்து அனுப்பினார்.

பண்ணைக்காரி லிண்டா அவருக்கென்று விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு வரிசை. வெண்டி.

விதை ஊரில் இருந்து வந்ததெல்லாம் இல்லை, ஸ்காபரோ கடையில் வாங்கின பக்கெற். ஒவ்வொரு வருடமும் முந்திக் காய்க்கிற செடிகளில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அந்தக் காய்களில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. செடியிலேயே முற்றிக் காய வேண்டும். அந்த விதையைத்தான் அடுத்த வருடம் போடுவார். அப்படிச் செய்து செய்து, அவருடைய வெண்டி மற்ற வெண்டியைவிட இரண்டு கிழமை முந்திக் காய்க்கத் தொடங்கியிருந்தது. இந்த நாட்டின் குறுகின கோடைக்கு அது பெரிய விஷயம்.

போன வருடம், இதே செப்டம்பர் கடைசி. அக்கா ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனதால் வரவில்லை. நாள் முழுக்கப் பூசணி ஏற்றி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பின்னேரம் கால் பண்ணினார்.

"சுதன், இரவைக்குக் குளிராம். வெண்டியை மூடிப்போட்டு வாரும்."

ஃபோனைப் பார்த்தேன். "நாலு டிகிரி காட்டுது அக்கா. தேவையில்லை."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம் ஓம்."

நான் பார்த்தது மோர்னிங்சைட் வெதர். ஃபோனில் வீட்டு அட்ரஸ்தான் கிடந்தது. பண்ணையில் உறைபனி விழுந்திருக்கிறது. விடிய வரிசை முழுக்கக் கறுத்துத் தொங்கியது. காய்களுக்குள் விதை இன்னும் பாலாகத்தான் இருந்தது.

அடுத்த சனி காரில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். நான் ஃபோனைக் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மன்னிப்பாக ஒரு "சொறி" கூட என் வாயில் வரவில்லை. மூன்றாம் சனி பாணும் சம்பலும் நீட்டினார். அதோடு முடிந்தது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

முந்தின வருட விதை கொஞ்சம் ஒரு ஜாம் போத்தலின் அடியில் மிச்சம் இருந்தது. இந்த வருடம் அதை முழுக்கப் போட்டுவிட்டார். இனிப் போத்தலில் ஒன்றும் இல்லை.

போன சனி கரட் கிண்டி முடிய, வரிசைக்குள் போய் நூல் கட்டிய காய்களை ஒவ்வொன்றாக நசித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பத்து நாள் வேணும். அதுக்குள்ள ஃப்ரொஸ்ட் வந்தா மூடவேணும். உந்த ஃபோனை நம்பி இராதையும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

இன்று மத்தியானம் வேலையில் நிற்க, லிண்டா எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருந்தார். இன்றிரவு பண்ணைப் பக்கம் ஃப்ரொஸ்ட்.

மனேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. 401 ஹைவே முழுக்க ட்ரஃபிக். ரேடியோ போடவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை... இப்பவும் வரவில்லை.

லிண்டா மற்றப் பக்கத்தில் சலாட் இலைகளை மூடிக்கொண்டு நின்றார். வெள்ளைத் துணி கிடக்கும் இடத்தைக் கையால் காட்டினார். அவ்வளவுதான்.

அந்தத் துணியை இரண்டு பேர் பிடித்தால்தான் விரிக்கலாம். அக்கா அந்தத் தொங்கலில் நின்று பிடிப்பார், நான் இங்கே இருந்து இழுப்பேன். தனியே இழுத்தால் காற்றுத் தூக்கிவிடும். இரண்டு தரம் தூக்கியது.

பிறகு காரடிக்குப் போய் டிக்கியைத் திறந்தேன். அந்த அரிசிப் பையைக் கொண்டுவந்து, அக்கா நிற்கிற இடத்தில், துணியின் மேல் வைத்தேன். காய்ந்த சேற்றோடு பூட்ஸ் நல்ல பாரம்.

திரும்பி வந்து இழுத்தேன். நின்றது. கரை முழுக்கக் கல் வைத்தேன்.

ஞாயிறு அக்காவைப் பார்வைக்கு வைக்கிறார்கள். திங்கள் பூசை. விபரம் மகள் போடுவார்.

இப்போது வீட்டில் இருந்து எழுதுகிறேன். ஃபோன் ஏழு டிகிரி என்கிறது. அது மோர்னிங்சைட்.

சொறி அக்கா.

மூடிப்போட்டு வந்திட்டன். போயிட்டு வாங்கோ.