எழுபத்து நான்கு பேர் தினமும் வந்த கடை

தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன். எத்தனை பண்டல் லாரியில் ஏறியது, எத்தனை நனைந்து திரும்பியது என்று எண்ணிய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. வீட்டிலிருந்து மாதா கோவில் வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. அந்த வருடக் கோடையில் வீட்டு முன்னறையில் இருந்தது இருபத்திரண்டு மூட்டை முண்டு வத்தல், உருண்டை மிளகாய்.

மூட்டைகள் என் மகளுடையவை. கணவர் விபத்தில் இறந்த பிறகு என்னோடு வந்து இருந்தாள். கையில் வந்த நஷ்ட ஈட்டில் பாதியைப் போட்டு, குளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் நேரடியாக வத்தல் வாங்கினாள். பொட்டலம் போட்டு இணையதளம் வழியாக வெளியூருக்கு விற்பது அவள் யோசனை. சரிப்பட்டு வராவிட்டால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி போய் ஒன்பது வருடம். மகள் திருப்பூர் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கெடு ஐப்பசி மழை. ஈரக்காற்று பட்டால் வத்தல் வெளுத்துச் சண்டாகிவிடும், பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. இறந்துபோன மருமகனின் அண்ணன் ஊருக்குள் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். "மழைக்கு முந்தி மிச்சம் எவ்வளவு கெடந்தாலும் என் கடையில எறக்கிரு. வெலை கொறைக்க மாட்டேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

இணையதளத்தை மதுரைக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். முதல் மாதம் வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர் என்று அதிலேயே கணக்குக் காட்டியது. அதில் இருபத்தெட்டு தடவை நான். 'முண்டு வத்தல்' என்று தேடினால் ஏழாம் பக்கத்தில் நான்காவதாக எங்கள் கடை வந்தது. ஏழாம் பக்கம் வரைக்கும் யார் தேடுவார்கள்? எழுத்து நிறைய இருந்தால் தளம் மேலே ஏறும் என்று மதுரைக்காரர் சொன்னதால் கரிசல் மண்ணைப் பற்றி, வத்தல் காய்ப்பு பற்றி, ஊறுகாய் பற்றிப் பதினான்கு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் பக்கத்துக்கு வந்தது. பிறகு ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் என்று வரம்பு வைத்து விளம்பரம் போட்டாள். தேடினால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக எங்கள் கடை தெரிந்தது. சென்னையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் தேடி வந்து மூன்று மூட்டை எடுத்தார். சில்லறையாக இன்னொரு மூன்று போனது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நிறையப் பேர் அழுத்தினால் தளம் இன்னும் மேலே ஏறும் என்று எங்கோ படித்தேன். எங்கள் ஊரில் புதுக் கடை திறந்தால் தெரிந்தவர்கள் ஒரு நடை வந்து நின்றுவிட்டுப் போவார்கள். வாங்க வேண்டும் என்பதில்லை, கடையில் கூட்டம் தெரிய வேண்டும். அந்த நினைப்பில், காலைப் பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றவர்களிடம் பேச்செடுத்தேன்.

"மக நெட்டுல கடை போட்டிருக்கா. தெனமும் ஒரு தரம் பாத்துட்டு வந்தாப் போதும்."

"செருப்பக் கழத்திப் போட்டுட்டுப் போகணுமா அண்ணாச்சி?" என்றார், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நீரு போறதா இருந்தா வாயக் கழத்திப் போட்டுட்டுப் போரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவர் செல்போனையும் வாங்கிச் சொல்லிக் கொடுத்தேன். வயதானவர்கள், கீழே போய்த் தேட முடியாது. அதனால் மேலே தெரியும் முதல் வரியை அழுத்தச் சொன்னேன். "ஜெபமாலை முடிஞ்சதும் ஒரு தரம் அழுத்திருதேன்" என்றார் ஓய்வு பெற்ற நர்சம்மா. ஒரு நோட்டில் பெயர் குறித்தேன். மூன்று வாரத்தில் எழுபத்து நான்கு பேர்.

வருகைக் கணக்கு எகிறியது. "யப்பா, ஒங்க கட்டுரைதான் இழுக்கு" என்றாள் மகள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஆள் ஏற ஏற ஆர்டர் குறைந்து, நின்றே போனது. "இத்தன பேரு வாராவ, ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவளே" என்று புலம்புவாள். மில்காரர் ஒரு நாள், "பத்து மணிக்கு மேல தேடுனா ஒங்க கடையக் காணல்லயே" என்றார். "காலையில சீக்கிரம் பாரும்" என்று அவருக்கு யோசனை சொன்னேன்.

புரட்டாசியில் மதுரைக்காரர் போன் செய்தார். மகள் சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தாள்.

"மேடம், விளம்பரத்தை ஒரு தடவை அழுத்தினா ஏழு ரூபா போகுது. ஐந்நூறும் காலையில ஒன்பது மணிக்குள்ள தீர்ந்துருது. அதுக்கப்புறம் விளம்பரம் எந்த ஊர்லயும் தெரியாது. அழுத்துறது எல்லாமே உங்க ஊரு கோவில்பட்டியில இருந்துதான். யாரோ ஆள் வச்சுச் செய்றாங்க. உங்களுக்குப் போட்டியா அங்க யாரும் இருக்காங்களா?"

ஐந்நூறை ஏழால் வகுத்தேன். எழுபத்தொன்று. கடைசி மூன்று பேருக்குத்தான் கிடைக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஊருக்குள்ள வத்தல் யாவாரம் அத்தான் ஒருத்தருக்குத்தான். வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனாள். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"அத்தான், நேராவே கேக்கேன். ஆள் வச்சு அழுத்துதீங்களா?"

"என்னத்த அழுத்துனேன்? இவ என்ன சொல்லுதா மாமா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

"நான் வித்துப் பொழைக்கது ஒங்களுக்குப் பொறுக்கல" என்றாள்.

அவர் கத்தவில்லை. "தம்பி போனதுக்கப்பறம் ஒன்ன எங்க வீட்டுப் பிள்ளையாத்தான் நெனச்சேன். ஒம் மூட்டைய எங்கன வேணாலும் கொண்டு போ. இந்தப் படி ஏறாத" என்றார்.

விளம்பரத்தை நிறுத்தினாள். மழை ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை, பத்து நாள் முந்தியே வந்தது. முன்னறைச் சுவர் ஓதம் அடித்தது. பதினாறு மூட்டையையும் பிரித்து மின்விசிறிக் காற்றில் பரப்பினோம். தும்மித் தும்மி அவள் கண் வீங்கிப்போனது. நுனியில் ஆரம்பித்த வெளுப்பு காம்பு வரைக்கும் ஏறியது. விளாத்திகுளத்துத் தரகர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்து, சண்டு விலைக்கு எடுத்துப் போனார்.

திருப்பூருக்குப் பெட்டி கட்டும்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேருப்பா?"

"எழுபத்து நாலு."

"ஒருத்தராவது கால் கிலோ வாங்குனாவளா?"

"பாத்துட்டு வந்தாப் போதும்னுதான் சொல்லியிருந்தேன்."

எழுபத்து நான்கு கால் கிலோ, பதினெட்டரைக் கிலோ. அது ஒரு மூட்டைகூட ஆகாது. அந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. அவளும் திட்டவில்லை. "அத்தான்ட்ட போய்ச் சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

அவள் ரயிலேறிய மறுநாள் போனேன். கமிஷன் கடைக்கு ஐந்து படி. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் தராசில் இருந்த மூட்டையை இறக்கினார்.

"அன்னைக்கும் நீங்க இந்த நாற்காலியிலதான் இருந்தீங்க மாமா" என்றார். அடுத்த மூட்டையை ஏற்றச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது நர்சம்மா என்னை நிறுத்தினார். கையில் செல்போன்.

"மூணு வாரமாத் தேடுதேன், ஒங்க கடையக் காணலயே அண்ணாச்சி. இன்னும் சீக்கிரமாப் பாக்கணுமோ?"

"கடைய எடுத்தாச்சும்மா."

"ஏன் அண்ணாச்சி? நாங்கதான் ஒரு நாள் தவறாமப் போனோமே."