பாபநாசத்தில் பாக்கி இருந்த முழுக்கு

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஒரு நடிகர் இறந்துபோனார். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் இந்தப் பயண வலைப்பூவில் கட்டுரையின் கீழே பேருந்து நேரம் கேட்பவர்களைவிடச் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். பதினேழு வயதிலிருந்து இருபது வயதுவரை எனக்கு அவர்தான் எல்லாம். செய்தி வந்தபோது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதபோது என் கணவர், கெட்ட மனுஷர் இல்லை, “யாரோ ஒரு நடிகர், கலா. நம்ம வீட்டு ஆளா?” என்று கேட்டார். நம் வீட்டு ஆள் இல்லைதான். அப்படியானால் யாரோடு உட்கார்ந்து அழுவது என்று யோசித்தபோது ஒரே ஒரு பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. இசக்கியம்மாள்.

இசக்கியை நான் பார்த்ததே இல்லை. ஒரு சினிமாப் பத்திரிகையின் பேனா நட்புப் பகுதியில் அவள் முகவரி வந்திருந்தது. நான் விழுப்புரம், அவள் விக்கிரமசிங்கபுரம். அவள் அப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்தில் நூற்றுக்கும் மேல் இன்லாந்து கடிதங்கள் எழுதிக்கொண்டோம். எங்களுக்குப் பத்தொன்பது வயதானபோது படப்பிடிப்பில் அடிபட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் எழுந்து நடமாடினால் இருவரும் சேர்ந்து பாபநாசத்தில் முங்குவதாக நேர்ந்துகொண்டோம். அவர் எழுந்தார், நடந்தார், பிறகு முப்பது படமாவது நடித்தார். நாங்கள் முங்கவில்லை. அந்த வருடமே எனக்குக் கல்யாணம் ஆனது. அதன்பின் அவளிடமிருந்து ஆறேழு கடிதங்கள் வந்தன. இரண்டுக்குப் பதில் எழுதினேன். பிறகு எழுதவில்லை. காரணம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

ஜூன் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறி, சனிக்கிழமை காலை 6.50-க்குத் திருநெல்வேலியில் இறங்கினேன். புதிய பேருந்து நிலையத்துக்கு வந்து 7.40 பாபநாசம் பேருந்தைப் பிடித்தேன். வலப்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் வயல்கள் தொடங்குகின்றன. வீரவநல்லூருக்குப் பிறகு மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வரும். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது தாமிரபரணி நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. இந்த ஆற்றைப் பற்றி இசக்கி எழுதாத கடிதமே இல்லை. ‘இன்றைக்குத் தண்ணி கலங்கல்’, ‘இன்றைக்குத் தண்ணி பச்சை’ என்று ஓரத்தில் ஒரு வரியாவது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் படுகிறதோ என்று திரையை இழுத்துவிட்டார்.

9.10-க்கு அம்பாசமுத்திரம். அங்கேயே இறங்கி இட்லி சாப்பிட்டேன். ஒரு வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறோம், வெறுங்கையோடு போகலாமா என்று பேருந்து நிலையத்துக்கு வெளியே இரண்டு கிலோ மாம்பழம் வாங்கிக்கொண்டேன். நல்ல வாசனை. அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம் எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடலாம்.

என்னிடம் இருந்தது மில் குடியிருப்பின் பழைய முகவரி. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். யாருக்கும் இசக்கியைத் தெரியவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்தேன். முப்பது வயதிருக்கும் ஓட்டுநர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

“இசக்கியம்மான்னு தெருவுக்கு நாலு பேரு உண்டும்க்கா. வீட்டுக்காரரு பேரு தெரியுமா?”

தெரியாது என்றேன். சின்ன வயதில் அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு இன்லாந்து லெட்டரில் கவிதை எல்லாம் எழுதுவாள் என்றேன்.

“அட, மாம்பழம் திங்காத இசக்கியக்காவா! அப்படிச் சொல்லுங்க. ஏறுங்க.” என் கையிலிருந்த பையைப் பார்த்தார். “அங்கனயா மாம்பழம் கொண்டு போறிய? நல்லா இருக்கே! அந்த அக்கா இருவத்தேழு வருசமா தொட்டதில்லல்லா. ஏதோ நேர்ச்சையாம். விழுப்புரத்துல ஒரு கூட்டாளியாம். அவிய வந்து, ரெண்டு பேரும் சேந்து ஆத்துல குளிச்சாத்தான் திம்பாவளாம்.”

ஆட்டோ கிளம்பிவிட்டது.

அந்தக் கடிதம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீல மசியில், வரிகள் மேலே ஏறி ஏறிப் போகும் அவள் கையெழுத்து. ‘முங்குகிறவரை நாம் இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். மாம்பழம், சரியா?’ சரி என்று எழுதியிருந்தேன். மூன்று மாதம் இருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில், முதல் சீசனில், மாமியார் ஆசையாக நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றால் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போயிருப்பார். ஒரு சினிமா நடிகருக்காக என்று எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மறந்தும் போனேன். மாம்பழ ஐஸ்கிரீம் கடைகளைப் பற்றி இதே வலைப்பூவில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

அறுபது ரூபாய் ஆட்டோ கட்டணத்தோடு பழங்களையும் ஓட்டுநரிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இசக்கி வீட்டில் மாவு அரைத்து விற்கிறாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கைவரை மாவோடு, என்னைவிட உயரமாக, முன்முடி நரைத்த ஒரு பெண் வந்தாள்.

“எத்தன லிட்டர்?”

“நான் விழுப்புரம் கலா.”

நேற்றுக் கடைக்குப் போன ஆளைக் கேட்பதுபோல, “வந்துட்டியாட்டி?” என்றாள். மாவுக் கையை என் மேல் படாமல் பின்னால் வைத்துக்கொண்டு நெற்றியை மட்டும் என் தோளில் சாய்த்தாள்.

அவர் இறந்த அன்று அழுதாயா என்று கேட்டேன். “கிரைண்டரப் போட்டுட்டு அழுதேன். வெளிய கேக்காதுல்லா,” என்றாள்.

அவள் வீட்டில் அவருடைய படம் எங்காவது மாலையோடு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். சாமி அலமாரியில் முருகன், இசக்கியம்மன், பாபநாசநாதர். அவர் இல்லை. கேட்டேவிட்டேன்.

“அவரு சாமியா? அவரு நடிகருட்டி. நாம சாமிகிட்டல்லா கேட்டோம், அவருக்காவ. சாமி குடுத்துட்டு. அப்ப நாம சொன்னத நாம செய்யணும்லா?”

மதியச் சாப்பாட்டுக்கு அவள் கணவர் முருகேசன் வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறார். வருடா வருடம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, கையில் விரதக் காப்புக் கட்டி, வேடமிட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மனுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துகிறவர். போன வருடம் குறத்தி வேடம் என்று கைப்பேசியில் படம் காட்டினார். நன்றாகவே இருந்தார்.

“கல்யாணமான புதுசுல எங்கம்மா இவள ரொம்ப ஏசுவா,” என்றார். “கூத்தாடிக்கு ஒரு விரதமான்னு. தெருவே சிரிச்சுது. இவ, ஆமா, அவருக்காவத்தான்னு எல்லாருகிட்டயும் சொல்லுவா. ரெண்டு வருசம் சிரிச்சாவ. பொறவு எங்கம்மாவே, மாம்பழம் நறுக்குத கத்தியத் தனியா எடுத்து வச்சிட்டா.” சோற்றைப் பிசைந்தபடி கொஞ்சம் யோசித்தார். “நான் கட்டுத காப்புக்கு அவுக்குத நாளும் உண்டு. இவளுக்கு அது இல்லாமலே ஓடிட்டு.”

ரசிகர் கூட்டம் ஒரு மதமா என்று சிலர் கேலியாகக் கேட்பார்கள், சிலர் கவலையாகக் கேட்பார்கள். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுவதை வைத்து நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கத்தியைப் பற்றி அவர் சொன்னபோது வேறொன்று உறைத்தது. எனக்கும் இசக்கிக்கும் இருந்தது ஒரே நேர்ச்சை. அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள், ஊர் கடைசியில் அதை விரதம் என்று ஒப்புக்கொண்டது. நான் மறைத்தேன், அது சின்னவயதுக் கிறுக்காகக் கரைந்துபோனது.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தபோது இசக்கி கேட்டாள்: “நீயும் இருந்தல்லா?”

தலையை ஆட்டினேன்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. “சொன்னேம்லா? ஆசையா இருக்கும்போதெல்லாம் நெனச்சுக்கிடுவேன், அங்கன ஒருத்தி எனக்குச் சமமா இருக்கான்னு. அதுலதான் எனக்கு ஓடிச்சு.”

மறுநாள் ஞாயிறு. காலை 5.50-க்கு இருவரும் கிளம்பினோம். பாபநாசம் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை, பேருந்தில் பத்து நிமிடம். கோயிலுக்கு எதிரே படித்துறை. அணையிலிருந்து வரும் தண்ணீர், ஜூனிலும் பல் கிட்டுகிற குளிர். படிக்கட்டில் நாலைந்து குடும்பங்கள், மீனுக்குப் பொரி போடுகிறவர்கள், பையைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள்.

“ஏட்டி, பைய எறங்கு. பாசி வழுக்கும்.” என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். மூன்று தடவை முங்க வேண்டும் என்றாள். இரண்டு தடவை சேர்ந்து முங்கினோம். மூன்றாவது தடவைக்கு அவள் மூச்சை இழுத்தபோது என்னால் முடியவில்லை.

“இசக்கி, நான் சாப்பிட்டுட்டேன்.”

“என்னத்த?”

“மாம்பழம். கல்யாணமான வருசமே. அப்புறம் எல்லா வருசமும்.”

என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். தண்ணீர் எங்கள் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

“எத்தன மாசம் இருந்த?”

“மூணு.”

“மூணு,” என்றாள். பிறகு படியேறிப் போய் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்தாள். நான் ஈரத்தோடு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு என்றேன்.

“நேத்து சொல்லிருந்தா ஒன்னய இங்க கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்.”

“சொல்லாமலே போயிருந்தா?”

“நல்லாருந்திருக்கும்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஈரத் துணிகளைப் பையில் திணித்தோம். இப்போது நீ சாப்பிடலாமே, முங்கியாகிவிட்டதே என்று தயங்கிச் சொன்னேன்.

“எப்படி முடியும்? மூணுல ரெண்டுதான் ஆயிருக்கு. ரெண்டு பேரும் இருந்து, ரெண்டு பேரும் முங்கி முடிக்கணும்னுல்லா நேர்ந்தோம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் சொன்னதற்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். “இனி நீ இரு. ஒரு வருசம். நானும் இருக்கேன். அடுத்த ஆனியில வா, அந்த ஒரு முங்கு முங்குவோம்.”

“அவர்தான் போயிட்டாரே இசக்கி.”

“அவருக்கு உள்ளத சாமி அப்பமே குடுத்துட்டு. இது நமக்குள்ளது.”

அன்று பகல் 1.15 பேருந்தில் அவளே ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியாக ஒரு பையைத் தந்தாள். முறுக்கு, ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர். கையசைக்கவில்லை. பேருந்து திரும்பும்வரை அங்கேயே நின்றாள். அம்பாசமுத்திரம் பாலத்தில் ஆற்றைப் பார்த்தேன். தண்ணி பச்சை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை சாரல் காலம், மலை பார்க்கப் பார்க்க அலுக்காது. படித்துறைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டுக்கு மேல் நிற்க இடம் இருக்காது. அணையில் தண்ணீர் திறந்தால் சட்டென்று ஏறும், எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடாதீர்கள். அடியில் கிடக்கும் துணிகள் காலில் சுற்றுகின்றன, ஆற்றுக்கும் பாவம். சோப்பு வேண்டாம். மேலே அகஸ்தியர் அருவிக்கு வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்ட வேண்டும், நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்காவது போகிறீர்கள் என்றால், என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

சென்னையில் இன்னும் சீசன் முடியவில்லை. அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் மஞ்சள் குவியல்கள். ஏன் சாப்பிடவில்லை என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு நடிகருக்காக நேர்ந்துகொண்டது, விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு தோழி இருக்கிறாள் என்று முழுவதையும் சொன்னேன். கணவர் சிரித்தார். சிரிக்கட்டும், இரண்டு வருடம் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை இசக்கி தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம். நலமா, வீட்டில் எல்லாரும் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

“இருக்கியாட்டி?” என்றாள்.

“இருக்கேன்,” என்றேன்.